சாயம் ஏறாத நூல்

திண்டிவனம்,
8.2.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உன் துணிப் பொட்டலம் பஸ்ஸில் பத்திரமாக வந்தது. சாயக் கையோடு நீ போனைத் தொடமாட்டாய் என்பதால், காலிப் பையோடு வழக்கம்போல இந்தக் கடிதம்.

நீ மஞ்சிட்டி வேர்ச் சாயத்தில் தோய்த்துக் கொடுத்த சிவப்பைப் பார்த்துப் பாண்டிச்சேரியில் எல்லோரும் அசந்துபோனார்கள். ஆமாம், என் ஒட்டுத்துணிப் போர்வையைக் கண்காட்சியில் மாட்டிவிட்டார்கள். ஒரு சுவர் முழுக்க அதுதான். பேப்பரிலும் படம் வந்தது. கீழே ‘தையல்: கலையரசி, சாயம்: தேவகி’ என்று போடச் சொன்னேன்.

நடுவில் ஒரு பெண் நிற்கிறாள். வெள்ளை நூலில் தைத்தேன், முகம் வைக்கவில்லை. நீ வந்து பார், பிறகு பேசுவோம். தாமரையையும் கூட்டிவா. முண்டியம்பாக்கத்தில் நர்சிங் படிக்கிற உன் பெண்ணுக்கு ஒருநாள் லீவு கிடைக்காதா?

உன் தங்கை,
கலை

விழுப்புரம்,
12.2.2025

கலைக்கு,

தாமரையை நான் கூட்டிவர வேண்டியதில்லை. பார்த்துவிட்டாள். ஹாஸ்டலில் யாரோ போனில் காட்டியிருக்கிறார்கள். கிடைத்த பஸ்ஸில் ஏறி வந்து நின்றாள். நான் அவுரி நீலத் தொட்டியைக் கலக்கிக்கொண்டிருந்தேன்.

“இன்னாம்மா இது? இந்தப் பொம்பள நீதான?”

“உங்க சித்தி ஏதோ கதையத் தைச்சிக்கினு இருக்கா. உட்டுத் தள்ளுடி.”

“இடது கையில முட்டியிலேர்ந்து தழும்பு. பக்கத்துல ஒரு ஆளு பானையத் தூக்கிக்கினு நிக்கிறான். சாயத் தொட்டி சாஞ்சிடுச்சின்னுதான எங்கிட்ட சொன்ன?”

நான் தொட்டியையே கலக்கினேன். தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டாள்.

உலைத் தண்ணீரை என்மேல் ஊற்றியது தாமரையின் அப்பாதான் என்று உனக்கு மட்டும்தான் தெரியும். நான் அவரை விட்டு வந்தேன். மகளிடமிருந்து அப்பாவைப் பிரிக்கவில்லை. மாதம் தவறாமல் கண்டாச்சிபுரம் போய் அவரைப் பார்த்துவருகிறாள். அது கெடக்கூடாது என்றுதான் பொய் சொன்னேன். நீ என் சிவப்பை என்னிடமே வாங்கி, அதை என் வெந்த தோலாக்கியிருக்கிறாய். ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லையா?

உடனே இறக்கு.

தேவகி

திண்டிவனம்,
15.2.2025

அக்கா,

என்னைத் திட்டு, ஆனால் இறக்கு என்று மட்டும் சொல்லாதே. அந்தக் கைக்கு வாழையிலை வைத்துக் கட்டியவள் நான். நீ கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு மறந்துபோயிருக்கும். அதைத் தைத்து முடிக்காமல் வேறு எதிலும் ஊசியை இறக்க முடியவில்லை. கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பாய். அதனால்தான் கேட்கவில்லை.

ஓர் அம்மா அதன் முன்னால் வெகுநேரம் நின்றுவிட்டு, தலைப்பை விலக்கித் தன் தோளிலிருந்த சூட்டுத் தழும்பை என்னிடம் காட்டினாள். மாமாவுக்காக நீ இன்னும் எத்தனை காலம் முழுக்கை ரவிக்கை போடப்போகிறாய்? தாமரை குழந்தை இல்லை. மாதக் கடைசி வரை போர்வை அங்கேயே இருக்கட்டும்.

கலை

விழுப்புரம்,
20.2.2025

கலை,

தாமரை கண்டாச்சிபுரம் போய் அவரையே கேட்டிருக்கிறாள். “உங்கம்மா தானா ஊத்திக்கினு என் மேல பழி போடுறா. உங்க சித்திக்கு அத வச்சிப் பேரு வாங்கணும்” என்றாராம். இதை மட்டும் போனில் சொல்லிவிட்டு வைத்தவள், அதன்பிறகு எடுக்கவே இல்லை. பரீட்சை எழுதினாளா என்றும் தெரியாது.

தோளைக் காட்டிய அம்மாவை நீ நினைத்துக்கொண்டிரு. எனக்கு என் பெண்.

தேவகி

திண்டிவனம்,
22.2.2025

அக்கா,

இறக்கிவிட்டேன். கண்காட்சிக்காரர்களுக்கு வருத்தம், எனக்கு அதைவிட. போர்வையை இன்றைய பஸ்ஸில் போட்டிருக்கிறேன். வெட்டினாலும் சரி, எரித்தாலும் சரி, உன் இஷ்டம். தாமரை பேசினாளா என்று மட்டும் ஒரு வரி எழுது.

கலை

விழுப்புரம்,
9.3.2025

கலை,

எரிக்கத்தான் எடுத்தேன். உன் தையலைப் பார்த்ததும் கை வரவில்லை. கறுப்பாக்கிவிடலாம் என்று கடுக்காயில் ஊறவைத்து, இரும்புத் துருத் தண்ணீரில் முக்கினேன். சிவப்பும் நீலமும் கறுத்துப்போயின. ஆனால் நீ தைத்தது பாலியஸ்டர் நூல். பருத்தி என்று நினைத்துவிட்டேன். அதில் துளி சாயம்கூட ஏறவில்லை. கொடியில் போட்டால், கறுப்புக்கு நடுவே அந்தப் பெண் முன்னைவிடப் பளிச்சென்று நிற்கிறாள்.

அந்த நேரம் பார்த்துத் தாமரை வந்தாள். நல்ல மதிய வெயில். கொடிக்குக் கிட்டே போய், தைத்த கையைத் தடவிப் பார்த்தாள். பிறகு என் ரவிக்கைக் கையை மேலே ஏற்றினாள். நான் தடுக்கவில்லை.

“சித்தி வேணாம், அப்பா வேணாம். நீ சொல்லும்மா.”

சொன்னேன். அடுப்பு, பானை, ஊற்றுவதற்குமுன் அவர் சொன்ன வார்த்தை, எல்லாவற்றையும்.

அவள் அழவில்லை. என்னைக் கட்டிக்கொள்ளவும் இல்லை. சோறு போடச் சொல்லிச் சாப்பிட்டாள். தட்டைக் கழுவிவைத்துவிட்டு, “இனிமே அங்க போறதா வேணாமான்னு நான் பாத்துக்கிறேன். நீ கேக்கக் கூடாது” என்றாள். சரி என்றேன்.

உன்னால்தான் நான் வாய் திறந்தேன் என்று நினைப்பாய். இருக்கலாம். ஆனாலும் உன்னை மன்னிக்க மனம் வரவில்லை. என் பெண் என் வாயால் முதலில் கேட்டிருக்க வேண்டியதை, ஊரெல்லாம் பார்த்த பிறகு கேட்டாள்.

தாமரை உன்னைப் பார்க்க வருவாள் போலிருக்கிறது. கேட்டதற்குப் பதில் சொல். கேட்காததைத் தைத்துக் காட்டாதே.

போர்வை என்னிடமே இருக்கட்டும். சாயத் துணிக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள். நானாக எழுதும்வரை எழுதாதே. எழுதுவேனா என்று எனக்கே தெரியவில்லை.

உன் அக்கா,
தேவகி