மேலூர் கல்யாணத்துக்கு மறுநாள்

என்னங்க,

ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். அசந்து தூங்குகிறீர்கள், எழுப்பவில்லை. சோறு குக்கரில், நெத்திலிக் குழம்பு சட்டியில். குழாய் ரிப்பேருக்கு ஆள் வருவார், மோட்டாரைப் போட்டுவிடாதீர்கள்.

நேற்று மேலூர் கல்யாணத்தில் உங்கள் ஆபீஸ்காரர் என்னைக் காட்டி, "அக்காவாண்ணே?" என்று கேட்டார். நீங்கள் சிரித்தீர்களே தவிர, "என் வீட்டுக்காரி" என்று சொல்லவில்லை. ராத்திரி நான் பேசாமல் படுத்தது அதனால்தான்.

போன வாரம் எடுத்த ரத்த டெஸ்டில் தைராய்டு ரொம்பக் குறைவு என்று வந்திருக்கிறது. டாக்டரம்மா போனில் சொன்னார். தோலில் புதுச் செல்கள் வருவதே மெதுவாகிவிட்டதாம். முகம் உப்பியது, கை சொரசொரப்பானது, புருவம் கொட்டியது எல்லாம் அதனால்தானாம். வயசானதால் இல்லை. மாத்திரை சாப்பிட்டால் மெல்லச் சரியாகுமாம். அதை வாங்கத்தான் போகிறேன்.

தெரசா

பி.கு.: டெஸ்ட் எடுத்த அன்றைக்கு டாக்டரம்மா என் கையைத் தடவிப் பார்த்துவிட்டு, "எம்புட்டு நாளா இப்படி இருக்கு? வீட்டுல யாருமே கவனிக்கலையாம்மா?" என்று கேட்டார். நீங்கள் துபாயில் வேலை பார்ப்பதாகச் சொல்லிவிட்டேன்.