இருபத்திரண்டு பூச்சு

டொலீடோ,
3 மே 1996

அன்புள்ள லாய்ட் அண்ணாவுக்கு,

நலமா? என் முழங்கால் வழக்கம்போல என்னோடு சண்டை போடுகிறது. மூன்று மாதமாக உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. 'வாட்லி'யை அருங்காட்சியகமாக்கியதிலிருந்து உங்களுக்கு அந்தப் போர்க்கப்பல்தான் வீடு, நாங்களெல்லாம் அந்நியர்.

அங்கே கப்பலைப் புதுப்பிக்கும் டோரன் எழுதியிருந்தாள். 1951-இல் என் அண்ணன் ராய் இறந்த இயந்திர அறையில் பெயிண்டைச் சுரண்டி, கொரியப் போர்க்காலத்து நிறத்தைத் தேடுகிறார்களாம். பார்வையாளர்களை விடுமுன் நான் பார்க்கலாமாம். கண்ணிவெடி வெடித்த நொடியிலேயே அவன் போய்விட்டான், வலியே தெரிந்திருக்காது என்று அம்மாவிடம் சொன்னவர், அவனோடு அதே கப்பலில் இருந்த நீங்கள். அந்தச் சொல்லில்தான் அவள் தூங்கினாள். நீங்களே என்னை உள்ளே கூட்டிப்போங்கள். ஆப்பிள் பை செய்து எடுத்து வருகிறேன்.

உங்கள் தங்கை,
தெல்மா

---

வாட்லி கப்பல்துறை,
11 மே 1996

அன்புத் தங்கை தெல்மாவுக்கு,

அந்த அறைக்குள் போகாதே.

ராய் நொடியில் சாகவில்லை. தண்ணீர் ஏறியது. கதவை மூடச் சொன்னார் அதிகாரி. மூடியது நான். அவன் உள்ளே இருந்தது எனக்குத் தெரியும். பிறகு தண்ணீரை இறைத்தபோது பார்த்தேன். காற்று மிஞ்சியிருந்த மூலையில், மணிக்கு ஒன்றாகத் திருப்புளியால் சுவரில் கோடு கீறியிருந்தான். பத்தொன்பது கோடு. மேலே, 'லாய்ட், திற.' திறந்திருந்தால் கப்பலே மூழ்கியிருக்கும் என்றார்கள். உண்மையா என்று இன்றுவரை தெரியாது.

கப்பல் இங்கே வந்ததிலிருந்து வருஷாவருஷம் அந்த அறைக்குப் பெயிண்ட் அடிப்பது நான்தான். கீறல் ஒரு பூச்சில் மறையாது. இங்கே உதவிக்கு வரும் மற்ற பழைய மாலுமிக் கிழவர்கள், "அந்தப் பக்கம் நாங்க வரமாட்டோம்ப்பா, உனக்குத்தான் நெஞ்சுரம்" என்று முதுகில் தட்டுவார்கள். நேற்று டோரன் கேட்டாள்: "இந்தச் சுவத்துல மட்டும் இருபத்திரண்டு பூச்சு இருக்கே, யாரு சார் அடிச்சது?" "தெரியலம்மா" என்றேன்.

வெட்கமாயிருக்கிறது, தெல்மா. மன்னிக்கச் சொல்லவில்லை. போகாதே, அவ்வளவுதான்.

லாய்ட்

---

டொலீடோ,
20 மே 1996

திரு. லாய்ட் ஸ்டர்கெஸ் அவர்களுக்கு,

போனேன். டோரன் விளக்குப் பிடித்தாள்.

கதவை மூடியதற்காக எனக்குக் கோபமில்லை. இருபது வயதில், அதிகாரி பக்கத்தில் நின்றால் நானும் மூடியிருப்பேன்.

கோடுகளுக்குக் கீழே இன்னொரு வரி இருந்தது. 'அம்மாகிட்ட சொல்லு, நான் பயப்படல.' எழுத்துக்கு எழுத்து குழியில் பெயிண்டை அடைத்திருக்கிறீர்கள், அதனால் பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. எல்லாவற்றையும் ஒப்புக்கொண்ட கடிதத்திலும் அதை மட்டும் விட்டுவிட்டீர்கள்.

அம்மா 1979-இல்தான் இறந்தாள். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அவள் மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டீர்கள். அவன் சொல்லியனுப்பியதை அவளிடம் சொல்ல உங்களுக்கு இருபத்தெட்டு வருஷம் இருந்தது.

போர்வீரர் நினைவு நாளுக்கு நான் கப்பலுக்கு வருவேன். நீங்கள் வர வேண்டாம்.

தெல்மா ப்ரூவெட்