நாங்கள் செய்த திகதிப் பெட்டி

மேசையில் ஒரு சீப்புக் கதலி இருக்கிறது. உமது படத்துக்கு முன்னால் வைப்பதற்காக நேற்றுக் காலை ஊர்காவற்றுறையில் வாங்கியது. உமது வீடுவரை கொண்டுபோய், அதே பையில் திரும்பக் கொண்டுவந்துவிட்டேன். நாங்கள் இருவரும் வேலை செய்த இந்த வாடகை அறை முழுவதும் பழ மணம். எதிரே உமது கதிரை வெறுமையாகக் கிடக்கிறது. அதை ஓரமாகப் போடும்படி வீட்டுக்காரர் இரண்டு தடவை சொல்லிவிட்டார். எனக்கு மனம் வரவில்லை.

காய்ச்சல் என்று படுத்த நீர் நான்காம் நாள் எழும்பாமலே போய், நேற்றோடு ஒரு வருடம். உமது முதலாம் ஆண்டுத் திவசத்துக்கு நான் வராமல் இருப்பேனா? குறிகட்டுவானில் முதல் வள்ளத்தைப் பிடித்து நயினாதீவில் இறங்கினேன். சனம் நிறைந்திருக்கும் என்று நினைத்துப் போனால், உமது முற்றத்தில் ஒரு சோடிச் செருப்புக்கூட இல்லை. உமது அம்மா குசினியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

“என்ன தம்பி, சொல்லாமல் கொள்ளாமல்?”

“இண்டைக்கு ஆட்டைத் திவசம் எல்லோ அம்மா?”

அம்மா என் கையிலிருந்த பையைப் பார்த்தார்.

“அது முடிஞ்சு பத்து நாளுக்கு மேலை, தம்பி. இந்த முறை திதி முந்தியே வந்திட்டுது. உங்களுக்குத் தெரியும்தானே எண்டு நினைச்சம். கோயில் வெப்சைட்டிலை இருக்கிற உந்தத் திதிப் பெட்டியை அவனோடை சேர்ந்து செய்தது நீங்கள் எல்லோ.”

எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

அந்தப் பெட்டி உமது பிடிவாதம். உமது அப்பா பூசை செய்யும் சின்னக் கோயிலுக்கு, வெளிநாட்டில் இருப்பவர்கள் பூசை பதிவதற்கென்று நாங்கள் ஓர் இணையத்தளம் செய்தோம். எல்லாத் தளங்களிலும் உள்ளதுபோல நாளை நிரப்புவதற்கு நான் ஒரு திகதிப் பெட்டியைப் போட்டு, வேலை முடிந்தது என்றேன். கனடாவிலிருந்து ஓர் அக்கா தகப்பனின் திவசத்துக்குப் பதிந்தார். அவர் பழக்கத்தில் மாதம் முதலில் வரும், நாள் பிறகு வரும். எங்கள் பெட்டி நாளை முதலில் எடுத்துக்கொண்டது. ஆறாம் மாதம் ஐந்தாம் திகதிக்கு அவர் கேட்ட பூசை ஐந்தாம் மாதம் ஆறாம் திகதியே நடந்து முடிந்தது. அவர் தொலைபேசியில் அழுதபோது நான் வெளியே போய் நின்றேன். நீர்தான் பேசினீர்.

மாதத்தின் பெயரை எழுத்தில் காட்டினால் சரியாகிவிடும் என்று நான் சொன்னேன். நீர் விடவில்லை.

“அது அரைவாசிதான். தகப்பன்ரை திதி என்னெண்டு அவவிட்டை ஆர் கேட்டது? ஆக்கள் தங்கடை நாளை எப்பிடி ஞாபகம் வச்சிருக்கினமோ, அப்பிடித்தான் நாங்கள் கேக்கவேணும்.”

மூன்று மாதம் அதிலேயே போனது. தமிழ் மாதம், வளர்பிறையா தேய்பிறையா, எந்தத் திதி என்று கேட்கும் பெட்டி. திதி தெரியாதவர் இறந்த திகதியையும் நேரத்தையும் ஊரையும் கொடுத்தால் அதுவே கணித்துச் சொல்லும். நோர்வேயில் இருப்பவருக்கு நாட்காட்டியில் கிழமை திங்களில் தொடங்கும், எங்களுக்கு ஞாயிறில். உமது அப்பாவின் பஞ்சாங்கத்தை மடியில் வைத்து ஒவ்வொரு நாளாக நீர் வாசிக்க, நான் சரிபார்த்தேன். “உமக்கு விசர்” என்று எத்தனை தடவை திட்டியிருப்பேன். நீர் சிரித்துக்கொண்டு அடுத்த பக்கத்தைப் புரட்டுவீர்.

நான் மாதா கோயில் பிள்ளை. எங்கள் வீட்டில் இறந்தவர்களுக்குத் திகதிதான் கணக்கு. என் அப்பா கடலுக்குப் போய்த் திரும்பாத அதே திகதியில் வருடா வருடம் பூசை ஒப்புக்கொடுக்கிறோம். ஊராருக்கெல்லாம் திதி கேட்கும் பெட்டி செய்தவன், உமது நாளை மட்டும் என் வீட்டு முறையில் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறேன். ஒரு தடவை பெட்டியில் போட்டுப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். ‘இறந்தவர் பெயர்’ என்ற இடத்தில் உமது பெயரை எழுத எனக்குத் துணிவு வரவில்லை. அவ்வளவுதான் காரணம்.

“வந்த நீங்கள் சாப்பிட்டிட்டுப் போங்கோ” என்று அம்மா சோறு போட்டார். எதிரே இருந்து நான் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். பழம் கையில் இருப்பது திரும்பி வரும் வள்ளத்தில்தான் தெரிந்தது.

இன்று தளத்தைத் திறந்து உமது பெயரை எழுதினேன். திகதி, நேரம், ஊர். மாசி, தேய்பிறை, சஷ்டி என்று பெட்டி சொன்னது. அடுத்த வருடம் அது எந்த நாளில் வருகிறது என்றும் காட்டியது. நன்றாகத்தான் செய்திருக்கிறோம்.

அதற்கு அடுத்த கேள்வி, ‘இறந்தவர் உங்களுக்கு என்ன உறவு?’ தாய், தகப்பன், கணவன், மனைவி, பிள்ளை, சகோதரம், பாட்டன், பாட்டி. மேலும் கீழுமாக இரண்டு தடவை பார்த்தேன். சிநேகிதன் இல்லை. அந்தப் பட்டியலை எழுதியது நான். சரி என்று சொன்னது நீர். எங்கள் இருவருக்கும் அது தோன்றவேயில்லை.

கடைசியில் ‘சிநேகிதன்’ என்று ஒரு வரி சேர்த்தேன். அதைத் தெரிவுசெய்து, அடுத்த மாசிக்கான பூசையைப் பதிந்தேன். புதிதாக ஒரு பதிவு வந்தால் எங்கள் இருவருக்கும் மின்னஞ்சல் போகும்படி நீர் அமைத்திருந்தீர். அதிலிருந்து உமது விலாசத்தை நான் இன்னும் எடுக்கவில்லை. ஒன்று எனக்கு வந்தது. மற்றது உமக்குப் போயிருக்கிறது.