என் சீட்டிப் பாவாடையும் உன் சொக்கப்பனையும்

என் வசந்தா அக்காவுக்கு,

நீ போன பிறகு வந்த முதல் கார்த்திகை நேற்று முடிந்தது. அடி அண்ணாமலையில் நம் கோயில் முன்னால் சொக்கப்பனை எரிந்ததை உனக்குச் சொல்லாமல் யாருக்குச் சொல்வேன்? செத்துப்போனவள்மேல் பொறாமைப்படலாமா என்று மட்டும் கேட்காதே. படுகிறேன்.

கொள்ளுத்தாத்தா விஷயத்திலேயே அது தொடங்கிவிட்டது. ஊரில் சின்னதாகத் துணிக்கடை வைத்திருந்தவர். வெள்ளைக்காரன் காலத்தில், சீமைத் துணியைக் கொளுத்துங்கள் என்ற பேச்சு இந்தப் பக்கம் வந்தபோது, தன் கடைச் சரக்கைத் தானே தோளில் சுமந்துபோய் நடுத்தெருவில் நெருப்பில் போட்டார். ஜெயிலுக்குப் போய் வந்தார். கடை போனது போனதுதான். அதற்காக ஊர் கொடுத்த மரியாதை, சொக்கப்பனைக்கு முதல் தீ நம் வீட்டுக் கையால் என்பது. நம் வீட்டில் ஆண் பிள்ளை இல்லை. மூத்தவள் நீ. பந்தம் உன் கைக்கு வந்தது.

"அந்த நெத்தி, அந்த நடை, அப்படியே அவரேதான்" என்பார்கள் உன்னைப் பார்த்து. எனக்கும் அதே நெற்றிதானே அக்கா?

எமர்ஜென்சி முடிந்த வருஷம் என்று நினைக்கிறேன், கார்த்திகையன்று விடாத மழை. மலையில் தீபம் ஏறிவிட்டது. இங்கே பனையோலை ஊறிப்போய், நீ பந்தத்தை வைக்க வைக்கப் புகைதான் வந்தது.

"கிருஷ்ணாயில் ஊத்தலாங்களா?" என்றார் ஒருவர்.

"சாமி காரியத்துல அதெல்லாம் கூடாது" என்றார் குருக்கள்.

கூட்டம் முணுமுணுத்தது. பூஜை முடிந்ததும் அத்தை வீட்டில் மாற்றிக்கொள்ளலாம் என்று என் புதுச் சீட்டிப் பாவாடையை ஒரு சொட்டு ஈரம் படாமல் நெஞ்சோடு அணைத்து வைத்திருந்தேன். அந்த இடத்தில் காய்ந்த துணி அது ஒன்றுதான். நீ திரும்பினாய்.

"அதக் குடுடி."

"புதுசுக்கா. நான் இன்னும் கட்டவே இல்ல."

"தெரியும். குடு."

பிடுங்கி, நெய்யில் முக்கி, கழியில் சுற்றி ஓலைக்கு அடியில் செருகினாய். குபீரென்று பிடித்துக்கொண்டது. "பூட்டன் மாதிரியே பொண்ணும் துணியக் கொளுத்திட்டா" என்று ஊரே உன்னைக் கொண்டாடியது. பாவாடை யாருடையது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. மறுநாள் உன் புதுப் பாவாடையை என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாய். நான் தொடவில்லை. எனக்கு வேண்டியது பாவாடை இல்லை என்று உனக்குத் தெரியாதா?

கீழ்பென்னாத்தூருக்கு வாழ்க்கைப்பட்டுப் போன பிறகும் வருஷம் தவறாமல் பஸ் ஏறி வந்து பந்தம் பிடித்தாய். இந்தப் பங்குனியில் மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோனது. நேற்றுத் தர்மகர்த்தா என்னைத்தான் கூப்பிட்டார்.

"வாம்மா, இனிமே நீதான்."

எத்தனை வருஷம் ஏங்கியது. வைத்ததும் பற்றியது. ஆனால் அக்கா, அந்த அனல்! முகம் வெந்துவிடும்போல இருந்தது. இரண்டாம் பக்கம் வைப்பதற்குள் பின்வாங்கிவிட்டேன். நீ நான்கு பக்கமும் சுற்றி வைப்பாயே, எப்படித் தாங்கினாய்? ஒரு தடவைகூட வாய் திறந்து சொன்னதில்லையே. உன் பின்னால் ஒட்டி நின்ற எனக்கு அந்தச் சூடு வந்ததே இல்லை. மிச்சப் பக்கங்களுக்கு இன்னொருவர் வைத்தார். கூட்டத்தில் யாரோ, "வசந்தா இருந்திருந்தா" என்றார்கள். அழுகைதான் வந்தது. உன்னை நினைத்தா, என்னை நினைத்தா, தெரியவில்லை.

எல்லாம் அடங்கியதும் உன் மகள் வந்து என் கையைப் பிடித்தாள். "சித்தி, அடுத்த வருஷம் நான் புடிக்கட்டா? நான்தானே பெரியவ?"

பின்னாலிருந்து என் புடவையை என் மகள் இழுத்தாள். "அப்ப நானு?"

அந்தக் குரல் எனக்குத் தெரிந்த குரல்.

"ஒரே பந்தம், ரெண்டு பேரும் சேந்து புடிங்கடி" என்றேன். தர்மகர்த்தா வழக்கம் இல்லையே என்று இழுத்தார். அவரை நான் பார்த்துக்கொள்கிறேன். நான்கு பக்கமும் அவர்களோடு நானும் சுற்றி வருவேன் அக்கா, அனல் பக்கமாக. இது சத்தியம்.

உன்மேல் பொறாமை தீராத,
உன் கூடப்பிறந்தவள்
கற்பகம்