வாசல் பாயில் ஓர் இடம்

திண்டிவனம்
8-8-38

கர்த்தருக்குள் என் செல்ல யேசடியானுக்கு, உன்னை வளர்த்த சித்தப்பா எழுதுவது. இங்கே நானும் உன் மனைவி ஜெயமும் கைப்பிள்ளையும், என் இடது முழங்காலைத் தவிர, சுகம். தங்கவயலில் உன் உடம்பு எப்படி என்று எழுது. இப்போது நான் சொல்லப்போகும் கதையை ஈரேழு உலகத்திலும் ஒருவனும் நம்பமாட்டான் என்று சத்தியமாக வாக்குக் கொடுக்கிறேன்.

விட்ட குடியை மறுபடி தொட்டுவிட்டேன், நான் பின்மாற்றக்காரன், பிள்ளையின் ஞானஸ்நானத்துக்கு வர எனக்கு முகமில்லை என்று எழுதியிருந்தாயே, அதனால் கேள். பனமலைச் சின்னக்கண்ணு கள்ளை விட்டான். அன்றே பனைகள் அழுத அழுகையில் ஏரி நிரம்பி வழிந்து கோடி போயிற்று. ஒரு பனை மட்டும் துக்கம் தாளாமல் வேரோடு கிளம்பி, விழுப்புரத்தில் டிக்கட் வாங்கி ரயிலேறி, திண்டிவனத்தில் அவன் குடியிருந்த வீட்டு வாசலில் வந்து, "இன்னாப்பா, என்னிய மறந்துட்டியே" என்று விசும்பிற்று. இளகின மனசுக்காரன், அதைத் தேற்ற ஒரே ஒரு கலயம் குடித்தான். ஞாயிற்றுக்கிழமை உபதேசியார் அவனைப் பின்மாற்றக்காரன் என்று சொல்லி, நம் சபை வழக்கப்படி வாசலோரப் பாயில் தனியே உட்காரவைத்தார். அந்தச் சொல்லைப் பற்றி நானும் யோசித்தேனடா. நம் தெரு சுப்பராயலு மீசை முளைத்த நாளாய்க் குடிக்கிறான், அவனை யாரும் அப்படிச் சொல்வதில்லை. விட்டுப் பார்த்தவனுக்குத்தான் அந்தப் பெயர். சின்னக்கண்ணு தனியாய் இருப்பது பொறுக்காமல், விட்ட பொய்யை மறுபடி சொன்னவன், விட்ட சண்டையை மறுபடி பிடித்தவள் என்று ஒவ்வொருவராய் வந்து உட்கார, பாய் நீண்டு முண்டியம்பாக்கம் தாண்டிற்று. கடைசியில் உபதேசியாரும், விட்ட மூக்குப்பொடியை ஒரு சிட்டிகை இழுத்துக்கொண்டு, "கொஞ்சம் நவுந்து குந்துங்க" என்று வந்துவிட்டார்.

சம்பளத்தன்று தனியாய் நடக்காதே, வெறும் வயிற்றோடு இருக்காதே. உரித்துத் தின்ன ஜெயம் மல்லாட்டை வறுத்து அனுப்பியிருக்கிறாள். கர்த்தர் உன் கையை விடாதிருப்பாராக. வரும்போது பிள்ளைக்குக் கம்பளிக் குல்லாய் மறக்காதே.

பனையும் பொய், ரயிலும் பொய், சின்னக்கண்ணு பிறக்கவேயில்லை. அந்தப் பாய்க்குத் தானாய் ஒருத்தி வந்தது மட்டும் நிஜம். உன் கடிதம் வந்தது முதல் ஜெயம் பிள்ளையோடு அங்கேதான் உட்காருகிறாள். நீ இன்னாம்மா தப்பு பண்ணே என்று உபதேசியார் கேட்டதற்கு, "நான் ஒண்ணும் பண்லிங்க ஐயா, அவரு வர்ற வரிக்கும் எடம் புடிச்சிக்கினு இருக்கேன்" என்றாள்.

ஜல்தி வா.

இப்படிக்கு,
உன் சித்தப்பா மாசிலாமணி