துண்டு போட்ட கம்ப்யூட்டர்

பம்பாய், 12.8.88

எலிசபெத் அக்கா, மாதா புண்ணியத்துல நல்லா கீறேன். உன் முட்டி வலி இன்னா ஆச்சு?

பயப்படாம படி. எங்க ஆஸ்பத்திரியில எந்த ரத்தம் கீதுன்னு கம்ப்யூட்டர்லதான் பாக்கணும். எந்த வார்டுலேந்து தொறந்தாலும், ஒரே நேரத்துல நாலு பேருக்கு மேல அந்த லிஸ்டு உள்ள விடாது. எங்க கிளார்க்கு சாப்புடப் போறப்ப, "லிஸ்டை மூடிட்டா மறுபடி எடம் கெடைக்காது ஆயா, பாத்துக்கோ"ன்னாரு. நானும் பொன்னேரி பஸ்ல போடுற மாதிரி கம்ப்யூட்டர் முன்னாடி நாற்காலியில துண்டு போட்டு, செபமாலை உருட்டிக்கினே காவல் காத்தேன்.

பிரசவ வார்டு நர்ஸ் ஓடியாந்து, "புள்ள பெத்த பொண்ணுக்கு ரத்தம் நிக்கல, எங்க கம்ப்யூட்டர்ல லிஸ்டு தொறக்கல! எவன் எடத்தைப் புடிச்சிக்கினு கீறான்?"னு கத்துச்சி.

நான்தான்க்கா! கிளார்க்கை எச்சக் கையோட இழுத்தாந்து மூட வெச்சேன். உடனே லிஸ்டு தொறந்துது, ரத்தம் கெடைச்சுது. பொண்ணு இன்னும் மயக்கத்துலதான் கெடக்குறா. மெழுகுவத்தி ஏத்து.

ஊர்லேந்து வர்றவங்ககிட்ட உன் பழைய பொடவை ஒண்ணு எனக்குக் குடுத்தனுப்பு, தொவைக்காத, உன் வாசனை அதுல இருக்கட்டும்.

வார்டுல கூப்புடுறாங்க. அவ கண்ணு முழிச்சிட்டாளாம், ஓடறேன்.

தங்கச்சி ரெஜினா