நெய்தற்சேரியை மூழ்கடித்த வீடியோ கேம்

குன்றுகள் செழிக்க, துறைமுகங்கள் பொலிய, குறிஞ்சாற்று நாட்டை ஆண்டருளும் பூதலதேவி மகாராணியார் திருவாய் மலர்ந்தருளியபடி, அவர்தம் ஓலைநாயகம் அரங்கன் காரி எழுதுவது: தென்கரைப் பெருநாட்டின் அதிபதி, யானைக்கொடி உயர்த்திய பரிதிவேள் மன்னர் கண்டருள்க. தங்கள் களஞ்சியம் நிறைக, கோட்டை நிலைக்க. அரசியார் கோபத்திலும் மரியாதை மறவாதவர் என்பதால் இவ்வளவும் எழுதப்பட்டது. இனி எழுதுவது கோபம்.

எங்கள் நாட்டில் பட்டத்துக்கு உரியவர் அவையோர் முன்னிலையில் ஓர் இக்கட்டைத் தம் கையாலேயே தீர்த்துக் காட்ட வேண்டும். வாயால் சொல்வது செல்லாது. இம்முறை இளவரசி முல்லைநாச்சியாருக்குத் தங்கள் கலைக்கூடத்தார் செய்த 'இடிமுகில் வீரன்' என்னும் வீடியோ கேமையே சோதனையாக வைத்தது அவையோரின் அதிமேதாவித்தனம்.

நல்லதை மறைப்பது எங்கள் வழக்கமன்று. வீரன் கோபுரம் விட்டுக் கோபுரம் பறக்கையில் பார்த்திருந்த அரசியாரே அரியணைக் கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டார். சண்டையில் விழும் ஒவ்வோர் அடியும் ஆடுபவர் கையில் அதிர்கிறது. வீரனும் அவன் அண்ணனும் ஒரே தட்டுச் சோற்றுக்கு மல்லுக்கட்டும் காட்சியில் படைத்தலைவரே கண்ணைத் துடைத்துக்கொண்டார். நடுவில் அதே திருடர்களை அதே தெருவில் ஓயாமல் அடிக்க வைத்த சலிப்பையும் அரசியார் பொறுத்தார்.

பொறுக்க முடியாதது வெள்ளக் காட்சி. அணை உடைகிறது, ஒருபுறம் அண்ணன், மறுபுறம் நெய்தற்சேரி என்னும் ஊரின் மக்கள். யாரைக் காப்பது என்று திரை கேட்டது. அந்த அண்ணன்மேல் உயிரையே வைத்து ஆடிவந்த இளவரசியார், அழுதுகொண்டே சேரிக்கான பொத்தானை அழுத்தினார். அடுத்த நொடியே தங்கள் கேம் கன்ட்ரோலரைச் செயலற்றதாக்கி, கதையைத் தானே நடத்தி, வீரனை அண்ணனிடம் பறக்க விட்டது! சேரி மூழ்கியது. பின்னால் அமர்ந்திருந்த அவையோர் திரையைக் கண்டார்களேயன்றி அவர் விரலைக் காணவில்லை. அவர் எவ்வளவோ எடுத்துச் சொல்லியும், குடிகளைக் கைவிட்டவர் என்று தீர்ப்பெழுதிப் பட்டத்தைப் பறித்தார்கள்.

பெற்றவர் மனம் கேட்குமா? மறுநாள் அரசியார் தாமே ஆடிப் பார்த்தார். எதை அழுத்தினாலும் சேரிதான் மூழ்குகிறது. உடனே தீர்ப்பெழுதியவர்களை வரிசையாக உட்கார வைத்துக் கன்ட்ரோலரைக் கையில் கொடுத்தார். காப்பாற்று, காப்பாற்று என்று அழுத்தியபடியே அத்தனை பேரும் சேரியை மூழ்கடித்தார்கள். தலைமை அமைச்சர் கன்ட்ரோலரை உலுக்கியும் பார்த்தார். தீர்ப்போலை அன்றே அடுப்புக்குப் போயிற்று.

மன்னரே, முடிவை முன்னமே எழுதி வைத்துக்கொண்டு எங்களிடம் எதற்குக் கேட்டீர்கள்? கேட்டுவிட்டு, சொன்னதைக் காதில் வாங்காமல் போவது எந்த ஊர் நாகரிகம்? அக்காட்சியைத் திருத்தும்வரை தங்கள் கலைக்கூடத்துப் பெட்டி ஒன்றுகூட எங்கள் துறையில் இறங்காது என்பது அரசியார் ஆணை.

இன்னும் ஒன்று. பட்டம் திரும்பிய செய்தியைச் சொன்னபோது இளவரசியாரின் கவலை வேறாக இருந்தது. வெள்ளத்தில் கூரைமேல் குழந்தையோடு ஒருத்தி நின்று கையசைத்தாளே, அவள் பெயர் என்ன என்று கேட்டார். கேம் முழுதும் தேடினோம். தங்கள் ஆட்கள் அவளுக்குப் பெயரே வைக்கவில்லை. வைத்து அனுப்புக. இது எங்கள் வருங்கால அரசியின் முதல் ஆணை. ஆதலால் இவ்வோலையில் அவர் முத்திரையே இடப்பட்டது.